கல்லீரல் நோய்: மருந்து வந்துவிட்டது, நம்மவர்கள் எங்கே?



வேலை நீக்கம், தோட்ட வீடு, பிறப்புப் பத்திரம், லோக்கப் மரணம் என்றுதான் நான் இந்தப் பக்கத்தில் எழுதுவது வழக்கம். இன்று ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். "லாயருக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தயவு செய்து கடைசி வரை படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2014-ஆம் ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் என் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். முதலாளி பல ஆண்டுகளாக இ.பி.எஃப். பணம் கட்டவில்லை என்பது அவருடைய வழக்கு. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கண் மஞ்சள், வயிறு வீங்கி, கால் வீங்கி, நாற்காலியில் நேராக உட்காரக்கூட முடியவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவர் மனைவி சொன்னார்: "குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சுன்னு சொந்தக்காரங்களே பேசறாங்கய்யா. இவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. கோயில் கமிட்டியில இருக்கிற மனுஷன்யா இவரு."

அண்ணனுக்கு வந்தது ஹெப்பாடைட்டிஸ் சி. 1983-இல் லாரி விபத்தில் சிக்கி, நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்களாம். அந்த இரத்தத்தில்தான் கிருமி வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது யாருடைய தவறும் அல்ல. 1983-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க உலகில் எங்குமே சோதனை கிடையாது. அது அவர் உடலில் முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலை அரித்துவிட்டது.

"மருந்து வந்திருக்கு, ஆனா உங்களால வாங்க முடியாது" என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் 2015-இல் இறந்தார். இ.பி.எஃப். வழக்கில் நாங்கள் வென்றோம். காசோலையை வாங்க அவர் மனைவி மட்டும்தான் வந்தார்.

அந்த மருந்து இன்று மலேசிய அரசாங்க மருத்துவமனையில் இலவசம். அது எப்படி இலவசமானது, அப்படியிருந்தும் நம்மவர்கள் ஏன் இன்னும் சாகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கிருமியைக் கண்டுபிடித்த கதை

1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்ற டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகள் சிலருக்குப் பிறகு கல்லீரல் அழற்சி வந்தது. சோதித்தால் அது ஹெப்பாடைட்டிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. பெயர் தெரியாததால் "ஏ-யும் அல்லாதது, பி-யும் அல்லாதது" என்றே பல ஆண்டுகள் அழைத்தார்கள். 1989-இல்தான் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அந்தக் கிருமியை அடையாளம் கண்டார்கள். அந்தக் குழுவில் முக்கியமான ஒருவர் சிங்கப்பூரில் பிறந்த சூ குய் லிம். 1997-இல் சார்ல்ஸ் ரைஸ் இந்தக் கிருமி ஒன்றே நோயை உண்டாக்கப் போதும் என்று நிரூபித்தார். ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியை அடையாளம் கண்ட பிறகுதான் இரத்த வங்கிகளில் சோதனை வந்தது. ஆகவே 1990-களின் நடுப்பகுதிக்கு முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அனைவரும் இதைக் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் காலத்தில் பிரசவத்தில் இரத்தம் ஏற்றினார்களா? கேளுங்கள்.

இந்த நோய் ஆரம்பத்தில் எந்த அடையாளமும் காட்டாது. பத்துப் பேருக்குத் தொற்றினால் ஏறக்குறைய மூன்று பேருக்குத் தானாகவே போய்விடும். மீதி ஏழு பேருக்கு உடலிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிக் கல்லாகிவிடும். அதைத்தான் டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். அதன் பிறகு கல்லீரல் புற்றுநோயும் வரலாம். ஹெப்பாடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இன்று வரை இல்லை.

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்

முன்பு இந்த நோய்க்கு இண்டர்ஃபெரோன் ஊசி போட்டார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வாராவாரம் ஊசி. காய்ச்சல், முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று பலர் நடுவிலேயே துவண்டு போவார்கள். அவ்வளவும் பட்ட பிறகும் பலருக்குக் குணமாகாது.

2013 டிசம்பரில் சொஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறொரு மாத்திரையோடு சேர்த்து, நாளுக்கு ஒரு முறை, பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகும். மருத்துவ வரலாற்றில் இது பெரிய வெற்றி. ஆனால் கிலியட் நிறுவனம் அமெரிக்காவில் வைத்த விலை என்ன தெரியுமா? ஒரு மாத்திரை 1,000 டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர்! அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டரை லட்சம் வெள்ளிக்கும் மேல். அந்த ஆண்டு தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. ஒரு தொழிலாளி இருபத்து மூன்று ஆண்டுகள் சாப்பிடாமல், வாடகை கட்டாமல் சேர்த்தாலும் போதாது.

2014-இல் அந்த நிறுவனம் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு மலிவாகத் தயாரிக்க அனுமதி கொடுத்தது. ஆனால் எந்தெந்த நாட்டுக்கு விற்கலாம் என்று ஒரு பட்டியலும் போட்டது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. நாம் நடுத்தர வருமானத்தில் மேல்நிலையில் உள்ள நாடாம்! நாடு நடுத்தரம், சரி. அந்த லாரி ஓட்டுநரும் நடுத்தரமா?

84-ஆவது பிரிவு

இங்கேதான் சட்டம் வருகிறது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்த பொருளை மற்றவர் அனுமதியில்லாமல் தயாரிக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். ஆனால் அதிலேயே 84-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தேசிய அவசரநிலை அல்லது பொது நலன், குறிப்பாக மக்கள் சுகாதாரம், தேவைப்பட்டால் காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அரசாங்கம் அந்தப் பொருளைப் பயன்படுத்தலாம். உரிமையாளருக்கு நியாயமான ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். ஆகவே இது திருட்டு அல்ல. உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளும் இதை அனுமதிக்கின்றன. 2001-இல் டோஹா பிரகடனம் இதைத் தெளிவாக உறுதிப்படுத்தியது. 2003-இலேயே நம் அரசாங்கம் எய்ட்ஸ் மருந்துகளுக்கு இந்தப் பிரிவைப் பயன்படுத்தி இந்தியாவிலிருந்து மலிவு மருந்து வாங்கியிருக்கிறது.

2017 செப்டம்பரில் சொஃபோஸ்புவிருக்கும் அதைச் செய்தார்கள். இந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. அதை அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்ரமணியம். அவருடைய கட்சியோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அது தானாக நடந்துவிடவில்லை. பினாங்கில் தலைமையகம் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு, மலேசிய எய்ட்ஸ் மன்றம் போன்ற அமைப்புகளும் நோயாளிகளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஆகஸ்டு மாதம், அந்த நிறுவனம் மலேசியாவையும் தன் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகள் மூடியிருந்த கதவு, சட்டம் வாசலில் வந்து நின்றபோது திறந்தது! அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தும் அரசாங்கம் பின்வாங்கவில்லை.

2018 மார்ச் மாதம் 12 அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. பிறகு மற்ற மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் விரிந்தது. அண்ணன் இறந்து மூன்று ஆண்டுகளுக்குள் இது நடந்தது.

நம் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ஜெனீவாவில் டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கமற்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. 2003-இல் அதைத் தொடங்கியவர்களில் நம் சுகாதார அமைச்சும் ஒன்று. அவர்கள் ராவிடாஸ்விர் என்ற மருந்தை எடுத்து, எகிப்தின் பார்கோ நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். முழுச் சிகிச்சைக்கும் 300 டாலர் அல்லது அதற்கும் குறைவு என்பது 2016-இல் பேசிய விலை. 84,000 எங்கே, 300 எங்கே!

மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் அந்த ஆய்வில் பங்கெடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: சொஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுத்ததில் நூற்றுக்கு 97 பேருக்குக் குணம். கல்லீரல் இறுகியவர்களில்கூட 96 விழுக்காடு. 2021 ஜூனில் மலேசியா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் மருத்துவமனைகளுக்கு வந்த சாதாரண நோயாளிகள் கையெழுத்துப் போட்டுக் கலந்துகொண்டதால் வந்த மருந்து இது. ஏழைகளுக்கு மலிவாக ஆராய்ச்சி செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எகிப்து காட்டிய வழி

மருந்து கொடுத்த எகிப்தின் கதையையும் கேளுங்கள். ஒரு காலத்தில் உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அது ஒன்று. காரணம் போதைப்பழக்கம் அல்ல, குடி அல்ல. நைல் நதிக்கரை விவசாயிகளுக்கு நத்தைக் காய்ச்சல் என்ற ஒட்டுண்ணி நோய் இருந்தது. 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் அரசாங்கமே கிராமம் கிராமமாக ஊசி போட்டது. கண்ணாடிச் சிரிஞ்சைச் சரியாகச் சுத்திகரிக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் இந்தக் கிருமி பரவியது. நல்லது செய்யப் போன ஊசியே தொற்றைக் கொண்டுவந்தது.

அந்த நாடு வெட்கப்பட்டு மூடி மறைக்கவில்லை. 2018 இறுதி தொடங்கி ஏழே மாதங்களில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்குச் சோதனை செய்தார்கள். குணமாக்கியது இலட்சக்கணக்கில். 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் எகிப்தைப் பாராட்டித் தங்க நிலைச் சான்றிதழ் கொடுத்தது. அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியாது?

நம்மவர்கள் ஏன் போவதில்லை?

மலேசியாவில் 2009-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஒரு கணக்கு, சுமார் நான்கரை லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாகச் சொன்னது. அதில் பாதிக்கு மேல் ஊசி வழியாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதால் வந்தது. 2018 இறுதியிலிருந்து 2019 வரை 25 அரசாங்க கிளினிக்குகளில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 15,000 பேருக்கு மேல் சோதித்ததில் சுமார் 2,000 பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் அடுத்த சோதனைக்கு வராதவர்கள் பலர், மருந்து எடுக்க வராதவர்கள் பலர்.

ஏன் வருவதில்லை? இருபது ஆண்டுகளாக நம் மக்களோடு நடமாடியவன் என்ற முறையில் மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வெட்கம். ஈரல் நோய் என்றால் சம்சு குடித்தவன், கள்ளுக்கடையில் கிடந்தவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சம்சு நம் குடும்பங்களை அழித்தது உண்மை, இன்றும் அழிக்கிறது. குடி கல்லீரலைக் கெடுக்கும், இந்தக் கிருமி இருப்பவர் குடித்தால் இரண்டு மடங்கு கேடு. ஆனால் கல்லீரல் நோயாளி எல்லாரும் குடிகாரர் அல்லர். சரி, ஒருவர் குடித்தார் என்றே வையுங்கள். ஊசி போட்டார் என்றே வையுங்கள். அவரைச் சாகவிட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எந்த சாமி சொல்கிறது?

இரண்டு, பயம். "டாக்டர்கிட்ட போனா போதை கேஸுன்னு போலீசுக்குச் சொல்லிடுவாங்க சார்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அவன் லோக்கப்பிலும் சிறையிலும் இருந்தவன். அங்கே ஒரே பிளேடில் பலர் சவரம் செய்ததையும், கையில் கிடைத்த ஊசியால் பச்சை குத்திக்கொண்டதையும் அவனே சொன்னான். 2019-இல் நான் கூடப் போய்ச் சோதனை செய்யவைத்தேன். தொற்று இருந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டான். இன்று கிருமி இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன வருடம் கல்யாணம். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது.

மூன்று, ஐ.சி. இலவசச் சிகிச்சை குடிமக்களுக்கு. இந்த மண்ணில் பிறந்தும், தாத்தா பாட்டி தோட்டத்தில் உழைத்தும், இன்னும் நீல ஐ.சி. இல்லாத நம் மக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். பத்திரம் இல்லாதவனை நோய் விட்டுவைப்பதில்லையே!

நீங்கள் செய்ய வேண்டியது

1. 1990-களின் நடுப்பகுதிக்கு முன் இரத்தம் ஏற்றியவர், ஒரே ஒரு முறையாவது போதை ஊசி போட்டவர், சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ இருந்தவர், கண்ட இடத்தில் பச்சை குத்தியவர், டயாலிசிஸ் செய்பவர், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவர்: அரசாங்க கிளினிக்குக்குப் போய் "ஹெப்பாடைட்டிஸ் சி சோதனை வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

2. முதல் சோதனையில் எதிர்ப்பொருள் இருந்தால் பயந்து ஓடாதீர்கள். கிருமி இன்னும் உடலில் இருக்கிறதா என்று இரண்டாவது சோதனையில்தான் தெரியும். அதற்குக் கட்டாயம் போங்கள்.

3. மருந்து தொடங்குமுன் ஹெப்பாடைட்டிஸ் பி சோதனையும் செய்ய வேண்டும். வேறு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்துக் கடைசிச் சோதனைக்குப் போங்கள்.

4. கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது இந்தக் கிருமியை ஒழிக்காது. அதை நம்பி ஆறு மாதம் வீணாக்காதீர்கள்.

5. ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், குழந்தையைத் தூக்கினால் இது தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து அவமானப்படுத்தாதீர்கள். பிளேடு, பல்துலக்கி, நகவெட்டியை மட்டும் பகிரக்கூடாது. தைப்பூசத்தில் மொட்டை போடும்போது புதுப் பிளேடு மாற்றச் சொல்லுங்கள். அலகு குத்தும் வேலும் சுத்திகரித்ததாக இருக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

6. குணமான பிறகும் மறுபடி தொற்றலாம். கல்லீரல் இறுகியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும்.

7. நோயைக் காரணம் காட்டி முதலாளி நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாள்களுக்குள் புகார் செய்ய வேண்டும். அறுபத்தோராவது நாள் வந்து அழாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

லோக்கப்பிலும் சிறையிலும் இருப்பவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடும் இரகசியத்தோடும், சோதனையும் சிகிச்சையும் கொடுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் நடமாடும் சோதனை வர வேண்டும். துண்டுப் பிரசுரம் தமிழிலும் வேண்டும். நாடற்று நிற்கும் நம் மக்களுக்குப் பத்திரம் வரும்வரை காத்திருக்காமல் மருந்து கொடுக்க வேண்டும். இது கருணை அல்ல, கணக்கும்கூட. ஒருவரைக் குணமாக்கினால் அவரிடமிருந்து தொற்றக்கூடிய பலரைக் காப்பாற்றுகிறோம். எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் 84-ஆவது பிரிவின் அதிகாரத்தை அரசாங்கம் விட்டுக்கொடுக்கக்கூடாது. நாளைக்குப் புற்றுநோய் மருந்துக்கும் அது தேவைப்படும்.

மருந்து மலிவானது பலர் கேட்டதால். கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வென்ற உரிமையை வெட்கத்துக்காக வீணாக்கலாமா?

அண்ணனின் மனைவி இன்றும் எனக்குத் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறார். போன முறை வந்தபோது, தன் இரண்டு பிள்ளைகளையும் கிளினிக்குக்கு அழைத்துப்போய்ச் சோதித்துவிட்டதாகச் சொன்னார். தொற்று இல்லை. "தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா இருக்குய்யா" என்றார்.

இந்த வாரமே போங்கள். உங்கள் அப்பாவையும் அழைத்துப் போங்கள்.

உரிமையைக் கேட்போம்! உயிரைக் காப்போம்!